மூன்றாவது குச்சி

போன மாதம் அக்கா மகன் ஒரு படத்தைக் காட்டினான். சாயங்கால மேகத்துக்குப் பின்னால் இருந்து சூரியக் கதிர்கள் விசிறி விரித்த மாதிரி இறங்குகிற படம், நாம் எல்லோரும் எப்போதாவது பார்த்ததுதான். "மாமா, இந்தக் கோடுகளை அப்படியே மேலே நீட்டினா மேகத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே ஒரு புள்ளியில சேருது பாருங்க. அப்போ சூரியன் அவ்வளவு பக்கத்துலதானே இருக்கு?" என்றான். சூரியன் பக்கத்தில் இருந்தால், பூமி தட்டையாக இருந்தாலும் நிழல் கணக்கெல்லாம் சரியாக வந்துவிடும் என்று யாரோ காணொளியில் சொல்லியிருக்கிறார்கள். நல்ல கேள்வி. "அதெல்லாம் சும்மா" என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அந்தக் காணொளிக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியைப் பள்ளிப் பாடம் பெரும்பாலும் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

முதலில் கதிர்களை முடித்துவிடுவோம். ராமேஸ்வரம் கோயிலின் வெளிப் பிரகாரத்தில் ஒரு முனையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கத் தூண் வரிசையும் போகப் போக நெருங்கி, மேற்கூரை தாழ்ந்து, தரை உயர்ந்து, கடைசியில் எல்லாம் ஒரு சின்னச் சதுரத்துக்குள் போய் அடங்கிவிடும். நடந்து போனால் அகலம் அதே அகலம்தான். ஓவியம் படித்தவர்கள் இதை பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். தூரத்தில் இருக்கிற இடைவெளி கண்ணில் சின்னக் கோணமாக விழுகிறது, அவ்வளவுதான். மேகத்தின் இடுக்குகள் வழியாக வருகிற கதிர்களும் அப்படிப்பட்ட தூண் வரிசைதான். ஒன்றுக்கொன்று இணையாக வருகிறவை, தூரத்து முனையில் சேர்ந்தும் நம் பக்கத்து முனையில் விரிந்தும் தெரிகின்றன.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு, திரும்பி நிற்பது. கதிர்கள் தலைக்கு மேலே தாண்டிப் போகிற நாட்களில், சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் பார்த்தால் அதே கோடுகள் அங்கேயும் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவது தெரியும், எல்லா நாளும் இல்லை, வானம் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். பிரகாரத்தின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பது போல. மேகத்துக்குப் பின்னாலேயே ஒரு விளக்கு இருந்து, அதிலிருந்து கதிர்கள் நிஜமாகவே விரிந்திருந்தால், அவை விரிந்துகொண்டே போயிருக்கும். எதிர்ப்பக்கம் குவிய வழியே இல்லை. இலங்கையின் சிவனொளிபாத மலை ஏறியவர்களுக்கு இதன் இன்னொரு வடிவம் தெரியும். 2,243 மீட்டர் உச்சியில் விடியும்போது எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு மேற்கே திரும்புவார்கள், அங்கே மலையின் நிழல் கோடு போட்ட மாதிரி முக்கோணமாக, அடுத்த மலைகளையும் மூடுபனியையும் தாண்டி விழுந்து கிடக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் கூம்பாக இருக்கிறது என்று சொல்வதுண்டு. ஆனால் உயரமான எந்த மலையின் உச்சியில் நின்றாலும், மலை என்ன உருவத்தில் இருந்தாலும், விடியற்கால நிழல் இப்படி முக்கோணமாகத்தான் குவியும். நீண்ட நிழலின் ஓரங்கள் தொலைவில் சேருவது போலத் தெரிவதுதான் காரணம்.

சரி, விசிறி பற்றிய சந்தேகம் தீர்ந்தது. ஆனால் பையனின் இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது.

எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் நிழலை வைத்துப் பூமியை அளந்த கதை எல்லோருக்கும் தெரியும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, எகிப்தின் அலெக்சாந்திரியா. தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், ஆண்டின் நீண்ட பகல் உள்ள நாளின் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும், நிழல் இருக்காது. அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி சாய்ந்து விழுந்தது. இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா, ஆகவே பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியா. அழகான கணக்கு. ஒரு ஸ்டேடியா இன்றைய அளவில் எத்தனை மீட்டர் என்பதிலேயே கருத்து வேறுபாடு இருப்பதால், "ஒரு சதவீதத் துல்லியம்" என்று பாராட்டுவதை நான் தவிர்ப்பேன். விடை சரியான வட்டாரத்தில் இருந்தது என்பதே பெரிய விஷயம்.

ஆனால் கவனியுங்கள், இந்தக் கணக்கில் பூமி உருண்டை என்பதும், சூரியக் கதிர்கள் இணையாக வருகின்றன என்பதும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டவை. எரட்டோஸ்தனிஸ் அளந்தது உருவத்தை இல்லை, அளவை. பூமி தட்டை, சூரியன் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டு அதே இரண்டு குச்சியை நட்டாலும் ஒரு விடை வரும். மின்கம்ப விளக்குக்கு நேர் கீழே நின்றால் நிழல் காலடியில், நாலு அடி தள்ளி நின்றால் நிழல் நீளம். தெரு வளைந்திருக்க வேண்டிய அவசியமே இல்லையே!

இப்படி நிஜமாகவே கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள். பழைய சீனத்தின் ஜோபி சுவான்ஜிங் என்ற கணித நூலில், எட்டுச் சீன அடிக் கம்பம் ஒன்றை நட்டு, ஆயிரம் லி (பழைய சீனத் தூர அளவு) வடக்கே போனால் நிழல் ஓர் அங்குலம் கூடும் என்ற விதியை வைத்துக்கொண்டு, தட்டையான பூமிக்கு மேலே சூரியன் 80,000 லி உயரத்தில் இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நிழல் ஒன்றுதான், கிரேக்கர் கையில் அது பூமியின் சுற்றளவாகிறது, சீனர் கையில் சூரியனின் உயரமாகிறது. இரண்டு குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களில் யார் சரி என்று யாராலும் சொல்ல முடியாது. காணொளிக்காரர் சொன்ன பாதி உண்மை இதுதான், இந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுகிறார்.

மூன்றாவது குச்சி நட்டால் என்ன ஆகும் என்பதை நம் ஊரை வைத்தே பார்ப்போம்.

சென்னையில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் உச்சிவேளையில் நேர் தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள். ஏப்ரலில் அது 12 மணி 7 நிமிடத்தை ஒட்டி நடக்கும் (நம் கடிகாரம் ஓடுவது பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பக்கத்துத் தீர்க்கரேகைக்கு, அதனால்தான் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை). அன்றைக்குக் கன்னியாகுமரியில், அதன் உச்சிவேளையான 12.18 வாக்கில், ஒரு மீட்டர் குச்சியின் நிழல் தெற்கு நோக்கி 8.7 சென்டிமீட்டர் விழும். கோணம் 5 டிகிரி. சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நேர் தெற்காக உள்ள தூரம் 553 கிலோமீட்டர், சாலைத் தூரம் இல்லை, அட்சரேகைத் தூரம். வட்டத்தில் 5 டிகிரி என்றால் 72இல் ஒரு பங்கு, 553ஐ 72ஆல் பெருக்கினால் 39,816 கிலோமீட்டர். தட்டைக் கணக்குப் போட்டால் சூரியன் 6,320 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாக வரும். இரண்டும் சமம், இன்னும் தீர்ப்பு இல்லை.

இப்போது சென்னையிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே, இமயத்தையும் தாண்டி, சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகருக்குப் போவோம். சென்னைக்கும் அதற்கும் தீர்க்கரேகையில் மூன்று டிகிரிகூட வித்தியாசம் இல்லை. அதே நாள் உச்சிவேளையில் அங்கே சூரியன் செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட 42 டிகிரி சாய்ந்திருக்கும், ஒரு மீட்டர் குச்சிக்கு 90 சென்டிமீட்டர் நிழல். வடக்கு நோக்கிய தூரம் 4,654 கிலோமீட்டர். உருண்டைக் கணக்கில் போட்டால் சுற்றளவு 39,940 கிலோமீட்டர் வருகிறது, கன்னியாகுமரிக் குச்சி சொன்ன அதே விடை. தட்டைக் கணக்கில் போட்டால் சூரியனின் உயரம் 5,180 கிலோமீட்டர்! கன்னியாகுமரிக் குச்சியை நம்பினால் 6,320, நோவோசிபிர்ஸ்க் குச்சியை நம்பினால் 5,180. ஒரே சூரியன், ஒரே நாள், இரண்டு உயரம். இன்னும் வடக்கே போனால் இன்னும் தாழும். குச்சிக்குக் குச்சி மாறுகிற உயரத்தை உயரம் என்று எப்படிச் சொல்வது?

சீனர்களுக்கே இது பிடிபட்டது. தாங் அரசின் காலத்தில், கி.பி. 724இல், துறவியும் வானியலாளருமான யி ஷிங் தலைமையில் வடக்கும் தெற்குமாகப் பல இடங்களில் கம்பம் நட்டு அளந்தார்கள். ஆயிரம் லிக்கு ஓர் அங்குலம் என்ற பழைய விதி எங்கேயும் நிற்கவில்லை. உருண்டை என்று அவர்கள் முடிவு கட்டவில்லை, ஆனால் துருவ நட்சத்திரத்தின் உயரம் ஒரு டிகிரி மாற இத்தனை லி நடக்க வேண்டும் என்ற எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த எண் பூமியின் சுற்றளவுக்கு ஒரே ஒரு பெருக்கல் தூரத்தில் இருந்தது.

அந்த 39,816க்கும் 39,940க்கும் இடையே உள்ள சின்ன வித்தியாசத்தை அளவுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு இந்தக் கணக்கிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது. பூமி துருவங்களில் லேசாகத் தட்டிய உருண்டை, ஆகவே ஒரு டிகிரிக்கான தூரம் நிலநடுக்கோட்டருகே 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒரு கிலோமீட்டரைத் தேடித்தான் ஒரு குழுவைத் தென் அமெரிக்காவுக்கும் இன்னொன்றை ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் அனுப்பினார்கள். 1802இல் சென்னை பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைக்கும் அந்தக் கேள்வி உள்ளே இருந்தது. 1808இல் அவருடைய அரை டன் எடைத் தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கிற கருவியை, தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே நிமிர்த்தினார். காவிரிப் படுகை அவ்வளவு சமதளம், தூரம் பார்க்கக் கோயில் மேல்தான் ஏற வேண்டியிருந்தது. அப்படிச் சமமாகத் தெரிகிற தரையில் பெரிய முக்கோணம் போட்டால்கூட மூன்று கோணங்களும் சேர்ந்து 180 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், பரப்பில் ஒவ்வொரு 197 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு விகலை (டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) வீதம். அதையும் கணக்கில் கழிக்காமல் வரைபடம் போட முடியாது.

சொந்தமாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் கன்னியாகுமரியில் இருக்கும் நண்பரும் இதை முதல்முறை செய்தபோது சென்னைப் பக்கம் பிரச்சினை இல்லை, என் மொட்டை மாடியில் பிவிசி குழாயின் நிழல் குழாயின் காலடிக்குள்ளேயே ஒடுங்கி, சுற்றிலும் ஒரு மெல்லிய வளையமாக நின்றது. அவர் அளந்த நிழல் 7.7 சென்டிமீட்டர். கோணம் 4.4 டிகிரி, பூமியின் சுற்றளவு 45,000 கிலோமீட்டருக்கு மேல். எங்கே தப்பு என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அவர் மாடியில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டினார், தண்ணீர் வடக்கே ஓடியது. மழைநீர் வடிவதற்காக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்துத்தான் தளம் போட்டிருக்கிறார்கள், குழாயும் அந்தச் சரிவோடு அரை டிகிரிக்கு மேல் சாய்ந்து நின்றிருக்கிறது. ஐந்து டிகிரியில் அரை டிகிரி போனால் பத்தில் ஒரு பங்கு போச்சு. அடுத்த முறை ஒரு டைல்ஸ் பலகையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, தூக்குக்குண்டு கட்டிக் குழாயை நிறுத்தினோம். நிழலின் நுனி எங்கே முடிகிறது என்பதில்தான் தகராறு, ஏனென்றால் சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள வட்டு, ஒரு மீட்டர் குழாய்க்கு நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கிக் கலைந்திருக்கும். அந்த மங்கலின் நடுவை எடுத்துக்கொண்டு 8.8 என்று குறித்தோம். விடை 39,600 கிலோமீட்டர் வாக்கில்.

அந்த அரை டிகிரி இன்னொரு சாட்சி, அதற்கு இரண்டாவது ஊர்கூட வேண்டாம். பழைய ஓட்டு வீடுகளில் ஓடு விலகிய இடத்தில் வெளிச்சம் காசு காசாகத் தரையில் விழும், பார்த்திருப்பீர்கள். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் காசு வட்டமாக இருக்கும், காரணம் அது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். கதிருக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தாளைச் செங்குத்தாகப் பிடித்து அந்த வட்டத்தை அளந்தால், ஓட்டையிலிருந்து தாள் வரை உள்ள தூரத்தின் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு வரும், ஓட்டை சின்னதாக இருக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு 2.8 சென்டிமீட்டர். காலை எட்டு மணிக்கு அளந்தாலும், உச்சிவேளையில் அளந்தாலும், மாலை ஐந்துக்கு அளந்தாலும் அந்த விகிதம் மாறாது. சூரியன் 6,320 கிலோமீட்டர் உயரத்தில் நம் தலைக்கு மேல் இருந்து 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, வட்டம் பாதியாகச் சுருங்கியிருக்க வேண்டும். ராமேஸ்வரத்துத் தூண் சுருங்குகிற மாதிரி. சுருங்குவதில்லை.

அதைவிட, அந்தச் சூரியன் மறையவே மறையாது. 10,000 கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகும் அது தொடுவானத்துக்கு மேலே 32 டிகிரியில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி, ஆக மூன்று முஷ்டி உயரம். ஒரு டிகிரிக்குத் தாழ வேண்டுமென்றால் 3.6 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும், கிட்டத்தட்ட சந்திரன் இருக்கிற தூரம். "தூரம் போகப் போகத் தாழ்ந்து தெரியும், அதுதான் அஸ்தமனம்" என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும். தூரத்தால் வருகிற தோற்றம் எதையும் தொடுவானத்தை நோக்கித் தாழ்த்தும், ஆனால் அதற்குக் கீழே ஒருபோதும் இறக்காது.

கடலிலும் இதே வேறுபாடுதான். தூரம் சிறுக்க வைக்கும், பூமியின் வளைவு மறைக்கும், இரண்டும் வேறு வேறு வேலை. தூரம் சிறுக்கும்போது தலையும் காலும் ஒரே விகிதத்தில் சிறுக்கும். வளைவு மறைக்கும்போது காலில் இருந்து தொடங்கும். குமரி முனையில் வள்ளுவர் சிலை 133 அடி, அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. அதன்மேல் 95 அடிச் சிலை. படகில் கண் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிற மாதிரி உட்கார்ந்து தெற்கே போய்க்கொண்டிருந்தால், ஐந்து கிலோமீட்டர் வரை கரைக் கோடே முழுதாகத் தெரியும். அப்புறம் அடியிலிருந்து கடல் விழுங்கத் தொடங்கும், 17 கிலோமீட்டர் போனால் பீடம் அளவு உயரம், அதாவது 38 அடி, நீருக்குக் கீழே போயிருக்கும். சிலை நிற்கிற பாறையின் உயரத்தையும் காற்று ஒளியைக் கொஞ்சம் வளைப்பதையும் சேர்த்தால் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளிப்போகும். அந்தத் தூரத்தில் 133 அடியும் சேர்ந்து, நீட்டிய கையின் நுனியில் ஒரு கடுகு உயரம்தான். சின்னதுதான், ஆனால் பைனாகுலர் வைத்தால் நன்றாகப் பெரிதாகும். பெரிதாகும்போது சிலை பெரிதாகும், நீருக்குக் கீழே போன பகுதி திரும்பி வராது. ஜூம் கேமராவில் கப்பலைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்று காட்டுகிற படங்களை உற்றுப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாத அளவு சிறுத்துப் போன, ஆனால் தொடுவானத்துக்கு இந்தப் பக்கமே இருக்கிற படகைத்தான் கொண்டுவந்திருப்பார்கள்.

நம் மீனவர்கள் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே தொழிலில் வைத்திருக்கிறார்கள். கரையில் தெரிகிற மலை, தேவாலயக் கோபுரம், பனை இவற்றைக் குறி வைத்துத்தான் கடலில் தங்கள் இடத்தைப் பிடிப்பார்கள், வெளியே போகப் போக மணல் முதலில் போகும், மரங்கள் அடுத்தது, மலைதான் கடைசி. மலையேறிப் பார்த்தால் தொடுவானம் நம் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கும் என்பதை வைத்து, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்பிரூனி என்ற அறிஞர் இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டையில் நின்று அந்த இறக்கத்தை 34 கலை (ஒரு கலை என்பது டிகிரியில் 60இல் ஒரு பங்கு) என்று அளந்து, மலையின் உயரத்தையும் அதையும் வைத்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். இரண்டாவது ஊரே தேவைப்படவில்லை.

காற்று செய்கிற வேலையைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும், இதில் ஏமாந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் ஏமாந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஓல்ட் பெட்ஃபோர்ட் என்ற கால்வாய், ஆறு மைல் நேர்க்கோடு, அசையாத தண்ணீர். 1838இல் சாமுவேல் ரோபாதம் தண்ணீரில் இறங்கி, நீருக்கு எட்டு அங்குலம் மேலே கண்ணை வைத்து, ஆறு மைல் தள்ளிப் போன படகைக் கடைசி வரை பார்த்ததாகச் சொன்னார், ஆகவே பூமி தட்டை என்றார். குளிர்ந்த நீரை ஒட்டி நிற்கிற குளிர்ந்த காற்றில் ஒளி நேராகப் போகாது, பூமியோடு சேர்ந்து வளைந்துவிடும். நீர்மட்டத்தில் கண்ணை வைத்ததே பிழை. 1870இல் ஜான் ஹாம்ப்டன் என்பவர் பூமி உருண்டை என்று நிரூபித்தால் 500 பவுண்டு என்று பந்தயம் கட்ட, இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் அதை ஏற்றுக்கொண்டார். நில அளவை செய்து பழகிய கை அவருடையது. நீர்மட்டத்தை விட்டு 13 அடிக்குச் சற்று மேலே ஏறி, ஒரு பாலத்தில் தொலைநோக்கியையும், ஆறு மைலில் இன்னொரு பாலத்தில் அதே உயரத்தில் ஒரு குறியையும், சரிபாதி வழியில் அதே உயரத்தில் ஒரு கம்பத்தில் வட்டத் தகட்டையும் வைத்தார். தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். நடுத் தகடு ஐந்தடி போல உயர்ந்து தெரிந்தது. இதுவும் ஒரு மூன்றாவது குச்சிதான் என்பதைக் கவனித்தீர்களா? ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவில்லை. அவதூறுக் கடிதங்களும் வழக்குகளுமாக வாலஸை ஆண்டுக்கணக்கில் நிம்மதியாக இருக்க விடவில்லை, பந்தயத்தில் இறங்கியதையே வாலஸ் பிற்பாடு நொந்துகொண்டார்.

கடைசியாக, பூமியின் சொந்த நிழல். 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. பத்து மணிக்குச் சற்று முன்னால் நிழல் ஓரத்தில் கடிக்கத் தொடங்கி, பதினொன்றுக்கு முழுதாக மூடி, 12.22 வரை சந்திரன் செம்பு நிறத்தில் நின்றது. அன்று பாதி மறைந்த நிலையில் எடுத்த கைபேசிப் படம் யாரிடமாவது இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். படத்தைத் தாளில் அச்செடுத்து, நிழலின் விளிம்பை ஒட்டி ஒரு கிண்ணத்தையோ தட்டையோ வைத்துப் பொருத்திப் பாருங்கள், வளைவு சரியாக உட்காருகிற தட்டு சந்திரனைவிட இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமாக, 2.6 மடங்கு அகலமாக இருக்கும். விளிம்பு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், நம் குழாய் நிழலின் நுனி மங்கிய அதே காரணம்தான். அரிஸ்டாட்டில் சொன்ன வாதம் இன்றைக்கும் அசையவில்லை: தட்டையான தோசைக்கல்லும் வட்ட நிழல் விழ வைக்கும், ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மட்டும். சாய்த்தால் நீள்வட்டம், பக்கவாட்டில் திருப்பினால் ஒரு கோடு. கிரகணம் நடு இரவில் தலைக்கு மேல் வந்தாலும், சந்திரன் உதிக்கும்போதே பிடித்தபடி வந்தாலும் நிழலின் விளிம்பு அதே வட்டம்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் வட்ட நிழல் விழ வைக்கிற பொருள் உருண்டை மட்டும்தான்.

பூமியின் நிழல்தான் சந்திரனை மறைக்கிறது என்று ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் வெளிப்படையாக எழுதிவிட்டார். அதே நூலில் அவர் சொன்ன உவமையும் அழகு: கடம்பம் பூவின் உருண்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குட்டிப் பூக்கள் செறிந்திருப்பது போல, பூமியைச் சுற்றி எல்லாப் பக்கமும் உயிர்கள். கடம்பம் பூவைக் கையில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு குட்டிப் பூவும் தன் இடத்தில் நிமிர்ந்துதான் நிற்கிறது, ஆனால் எந்த இரண்டும் ஒரே திசையில் இல்லை. சென்னைக் குழாயும் கன்னியாகுமரிக் குழாயும் தூக்குக்குண்டுப்படி செங்குத்துதான், இரண்டுக்கும் இடையில் 5 டிகிரி. இரவிலும் அந்த 5 டிகிரி தெரியும்: அகத்திய நட்சத்திரம் உச்சத்தில் சென்னையில் 24 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 29, டெல்லியில் 9 கூட இல்லை.

பையனுக்கு இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அவனை மெரினாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே எல்லோரும் கடலைப் பார்த்து உட்காருவார்கள், அதாவது கிழக்கே, சூரியன் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். அஸ்தமித்த பிறகும் சற்று நேரம், உயரத்தில் இருந்த மேகங்களுக்கு அடிவயிறு மட்டும் சிவந்து, மேல்பக்கம் சாம்பலாகக் கிடந்தது. "வெளிச்சம் கீழேயிருந்து வருது மாமா" என்று அவனே சொன்னான். எப்போதும் மேலேயே சுற்றுகிற விளக்கால் அது முடியாது. அப்புறம் கடலுக்கு மேலே, தொடுவானத்தை ஒட்டி, கருநீலத்தில் ஒரு பட்டை தெரியத் தொடங்கியது, அதன் தலைமேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. தினமும் வருவதுதான், வானம் தெளிவாக இருந்தால் போதும். மேகம் என்றுதான் அவன் நினைத்தான். "அது பூமியோட நிழல், காத்து மேல விழுது" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பட்டை மெதுவாக ஏறிக்கொண்டே வந்தது, ரோஜா நிறம் வெளுத்துக் கரைந்தது, கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பித்தபோது நிழல் எங்கே முடிகிறது, இரவு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. "ஏப்ரல் 24க்கு நானும் வர்றேன், ரசமட்டம் நான் பிடிக்கிறேன்" என்றான்.